ஆஸ்பத்திரியில் வாய்ப்பூட்டு

(ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளும் ஊராரும் கூடியிருந்த ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசிக் கூடி வேலை செய்யப் பழகவேண்டியதன் அவசியத்தைப்பற்றி இன்று நாம் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தார் கட்டளையிட்டிருக்கிறார்கள். நாம் டாக்டர் அல்ல; கம்பவுண்டரும் அல்ல. டாக்டர்களுக்கு வைத்தியம் கற்றுக்கொடுக்க இங்கு வரவில்லை. ஆனால் நாமும் நீங்களும் என்றைக்காவது ஒருநாள் அந்தக் கட்டிலில் படுக்கவேண்டியவர்கள். அந்த ஒரு பாத்தியதையைக் கொண்டே பேச முன்வந்தோம். நாம் சொல்லுவதை நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பவேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவருக்குப் பென்சிலின் ஜாதி மருந்து ஒத்துக்கொள்ளாது. இது அவருடைய மனைவியாருக்குத் தெரியும். அந்த அம்மாள் அன்று சாயங்காலம் வார்டு ஆயாவிடம் சொன்னார். ஆயா இராத்திரி நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து கேஸ் தாளோடு செருகி வைத்தார். காலையில் வேலை மாறியது. போகிறவரும் வருகிறவரும் வாசற்படியில் நின்றபடியே இரண்டு நிமிஷம் பேசினார்கள். துண்டுக் காகிதம் எங்கேயோ விழுந்துவிட்டது. காலை நர்ஸ் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவருக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. டாக்டர்கள் ஓடிவந்து பாடுபட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்.

வந்தவுடன் சுற்றத்தார் என்ன சொன்னார்கள்? "ஆயுசு கெட்டி" என்றார்கள். போயிருந்தால் "விதி முடிந்தது" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் தோழர்களே, அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆயா, ஊசி போடும்போது பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மருந்தின் பெயரைச் சொன்னது அவர் காதில் விழுந்தது. "இந்தப் பெயரைத்தானே அந்த அம்மாள் வேண்டாமென்றார்" என்று மனதில் பட்டதாம். பிறகு நம்மிடம் அழுதுகொண்டே சொன்னார்: "சிஸ்டர் படிச்சவங்க, தெரியாமலா போடுவாங்கன்னு பேசாம இருந்துட்டேனுங்க."

இதில் விதி எங்கே இருக்கிறது? அந்த ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. மருந்து போட்ட கைக்கு மாத்திரம் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை, சொல்லத் துணிவில்லை. இதுதான் காரணம். அப்புறம் நிர்வாகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? காலை நர்ஸாயிருந்த அந்தச் சிறு பெண்ணை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து நாம் வேறொருவரைப் பார்க்க அதே வார்டுக்குப் போனோம். கேஸ் தாளில் அதே மாதிரித் துண்டுக் காகிதம் செருகியிருந்தது. ஆள் போய்விட்டார், தப்பு மாத்திரம் சம்பளமில்லாமல் அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தது.

இது நம் நாட்டுச் சங்கதி மாத்திரமல்ல. மிகவும் முன்னேறியது என்று சொல்லப்படுகிற அமெரிக்காவிலேயே 1999ஆம் வருஷத்தில் அந்நாட்டு மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வைத்தியத்தில் நேரும் தவறுகளால் அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது கணக்குச் சொல்லிற்று. அந்தக் கணக்கு அதிகம் என்று வாதாடிய டாக்டர்களும் உண்டு. அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுவோம். அதுவும் ஓர் ஊர் ஜனத்தொகைதானே! அறிக்கையின் முக்கியமான முடிவு என்னவென்றால், இத்தவறுகளில் பெரும்பாலானவை கெட்டவர்களாலோ படிப்பில்லாதவர்களாலோ வருவனவல்ல, நல்லவர்களும் தப்புச் செய்துவிடும்படியாக அமைந்திருக்கும் வேலை முறையால் வருகின்றன என்பதாகும்.

நிற்க, இந்த வியாதிக்கு மருந்து முதலில் ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகாய விமானத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1977ஆம் வருஷம் மார்ச்சு 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி. இரண்டு பெரிய விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. அதில் ஒன்றின் தலைமை விமானி தம் கம்பெனியில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய நிபுணர். உத்தரவு வருவதற்கு முன்பே அவர் கிளம்பப் பார்த்தார்; துணை விமானி ஒரு தடவை தடுத்தார். கொஞ்சநேரத்தில் தலைவர் மறுபடியும் கிளப்பினார். இந்தத் தடவை துணைவர் வாய்திறந்து தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இயந்திரக்காரர், "அந்த விமானம் பாதையை விட்டு விலகவில்லையா?" என்று கேட்டார். "விலகிவிட்டது" என்று தலைவர் அழுத்தமாய்ச் சொன்னார். அவ்வளவுதான், கேட்டவர் அடங்கிவிட்டார். அந்த விமானம் விலகவில்லை. 583 பேர் மாண்டார்கள். அந்த இயந்திரக்காரரின் சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்தஸ்து அதை விழுங்கிவிட்டது.

அடுத்த வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்டு நகருக்கு மேலே இன்னொரு விமானம் சுமார் ஒரு மணி நேரம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இறங்கு சக்கரம் சரியாய் விழுந்ததா என்பதிலேயே தலைவரின் கவனம் முழுதும் நின்றது. எண்ணெய் குறைந்துவருகிறது என்று கூட இருந்தவர்கள் ஜாடையாய்ச் சொன்னார்கள். இப்பொழுதே இறங்கியாகவேண்டும் என்று கண்டித்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எண்ணெய் தீர்ந்து விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

இவ்விதச் சம்பவங்களைக் கண்டு அந்நாட்டார் "கடவுள் சித்தம்" என்று சாந்தி ஹோமம் செய்துகொண்டிருக்கவில்லை. விமானி அறையில் பேசிய பேச்சைப் பதிவு செய்திருந்த கருவியை எடுத்து, யார் என்ன சொன்னார், யார் கேட்கவில்லை என்று ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்தார்கள். 1979இல் இதற்கென்றே நாசா ஒரு நிபுணர் கூட்டம் கூட்டிற்று. 1981 முதல் போர்ட்லண்டில் விமானத்தை இழந்த அந்தக் கம்பெனியே தன் விமானிகளுக்குக் கூட்டு வேலைப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. தலைவருக்குக் கேட்கும் பயிற்சி. துணைவருக்குச் சொல்லும் பயிற்சி.

அதன் பலனையும் பாருங்கள். 1989ஆம் வருஷம் ஜூலை 19ஆம் தேதி அதே கம்பெனியின் விமானம் ஒன்றில் வால்பக்கத்து இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பும் வசதி முழுவதும் போய்விட்டது. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் என்பவர், "எனக்கெல்லாம் தெரியும்" என்று உட்காரவில்லை. பிரயாணியாய் வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் உள்ளே கூப்பிட்டு வேலை கொடுத்தார். நால்வரும் பேசிப் பேசி, மிச்சமிருந்த இரண்டு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சூ நகர விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஒருவரும் பிழைத்திருக்க நியாயமில்லாத விபத்து அது. அந்தக் கூட்டுப் பயிற்சி இல்லாவிட்டால் பிழைத்திருக்கமாட்டோம் என்று ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் ஊர் ஊராய்ச் சென்று சொன்னார்.

இனி ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் மார்ட்டின் புரோமிலி என்று ஒரு விமானி. 2005ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அவருடைய மனைவியார் மூக்குச் சம்பந்தமான ஒரு சாதாரண இரண சிகிச்சைக்குப் போனார். வயது 37, இரண்டு குழந்தைகளின் தாய். மயக்க மருந்து கொடுத்தவுடன் மூச்சுக்குழாய் அடைபட்டுப் பிராணவாயு உள்ளே போகவில்லை. அறையில் இருந்த டாக்டர்கள் அனுபவசாலிகள். தொண்டை வழியாகக் குழாய் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றார்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் இந்த முயற்சி நடந்தது. அந்த நிலையில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்ய வேண்டும் என்பது வைத்திய நூலில் உள்ளதே. ஒரு நர்ஸ் அதற்கான சாமான்களைக் கொண்டுவந்து "தயாராக இருக்கிறது" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சை அறையில் கட்டில் ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். "எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்பதுபோல அவரைப் பார்த்தார்களாம். அவர் போய்க் கட்டிலை வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கண் விழிக்காமலேயே 13 நாள் கழித்து இறந்தார்.

என்ன செய்யவேண்டும் என்பது அந்த நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர்களிடம் அதை எப்படிச் சொல்லுவது என்பதுதான் தெரியவில்லை. புரோமிலி என்ன செய்தார்? டாக்டர்களைத் தூக்கிலிடவேண்டுமென்று கேட்கவில்லை. "எங்கள் விமானத் தொழிலில் இப்படி நடந்தால் விசாரித்துப் பாடம் கற்றுக்கொள்ளுவோம்; நீங்கள் ஏன் செய்வதில்லை?" என்று கேட்டு, சுயேச்சையான விசாரணை நடக்கச் செய்து, 2007இல் இதற்கென்றே ஒரு சங்கமும் ஏற்படுத்தினார். அந்த டாக்டர்களும் மறுபடி வேலைக்குத் திரும்பியதை அவர் ஆட்சேபிக்கவில்லை. இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட டாக்டர்கள்தான் இனி ஜாக்கிரதையாயிருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். மனைவியைப் பறிகொடுத்தவர் கோபத்தை அடக்கிக் காரணத்தைத் தேடினார். இதைவிடப் பகுத்தறிவு வேறென்ன இருக்கிறது?

சரி, கூட்டுப் பயிற்சி என்று சொல்லுகிறார்களே, அதில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. 2006இல் அமெரிக்க அரசாங்கத்தாரின் சுகாதார ஆராய்ச்சி இலாகாவும் இராணுவ இலாகாவும் சேர்ந்து இதற்கென்று ஒரு பாடத்திட்டமே வெளியிட்டார்கள். அதில் உள்ளவற்றில் சிலவற்றை நம் பாஷையில் சொல்லுகிறோம்.

முதலாவது, டாக்டரைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லும் முறை. நடுராத்திரியில் நர்ஸ் டெலிபோனில் "ஐயா, ஏழாம் நம்பர் கட்டில்காரர் ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்றால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டருக்கு என்ன விளங்கும்? நாலு சங்கதியை வரிசையாய்ச் சொல்லவேண்டும். இப்பொழுது என்ன நடக்கிறது? இவர் எதற்காக வந்தவர், என்ன சிகிச்சை ஆயிற்று? நான் இதை என்னவென்று நினைக்கிறேன்? எனக்கு உங்களிடம் என்ன வேண்டும்? "நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், இப்பொழுது நாடி 130, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, உள்ளே இரத்தம் கசிகிறதென்று நினைக்கிறேன், உடனே வந்து பார்க்கவேண்டும்" என்று சொன்னால் படுத்திருப்பவர் எழுந்து ஓடிவருவார். இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததாகும். மூன்றாவது சங்கதியைக் கவனியுங்கள். "நான் என்ன நினைக்கிறேன்" என்று நர்ஸ் சொல்லலாம், சொல்லவேண்டும் என்று சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். மளிகைக் கடைக்காரர்கூட "இரண்டு படி அரிசி, அரைப்படி பருப்பு, சரிதானே?" என்று கேட்டுத்தான் அளக்கிறார். மருந்துக்கு மாத்திரம் தலையாட்டினால் போதுமா? இங்கிலீஷில் பிப்டீன் என்பதும் பிப்டி என்பதும் காதுக்கு ஒன்றுபோலவே விழும். ஒன்று பதினைந்து, மற்றொன்று ஐம்பது. ஆகவே கேட்டவர் "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம்" என்று திருப்பிச் சொல்லவேண்டும், சொன்னவர் "ஆம்" என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, வேலை மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறை. வாசற்படிப் பேச்சு கூடாது. கட்டிலண்டை நின்று, எழுதி வைத்த வரிசைப்படி, எவ்வளவு ஆபத்தான நிலை, என்ன நடந்தது, இனிச் செய்யவேண்டியது என்ன, என்ன நடக்கக்கூடும் என்று சொல்லி, வாங்கிக்கொள்ளுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 குழந்தை ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். தவறுகள் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தன. தடுக்கக்கூடிய கெடுதல்கள் நூற்றுக்கு 30 பங்கு குறைந்தன. புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை; ஒழுங்காய்ப் பேசினார்கள், அவ்வளவுதான்.

நான்காவதுதான் கடினமானது. மேலதிகாரி தப்புச் செய்வதாகத் தோன்றினால் சிறியவர் என்ன செய்வது? படிப்படியாக மூன்று சொல். "ஐயா, எனக்குக் கவலையாயிருக்கிறது." கேட்காவிட்டால், "ஐயா, இதற்கு என் மனம் ஒப்பவில்லை." அதையும் கேட்காவிட்டால், "ஐயா, இது நோயாளியின் உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து நிறுத்துங்கள்." மூன்றிலும் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இந்த மூன்றாவது சொல்லைக் கேட்டவுடன் யாராயிருந்தாலும் கையை எடுத்துவிட்டு என்னவென்று பார்க்கவேண்டும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே ஏற்பட்ட ஒப்பந்தம். நம் ஆயாவுக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தால், அதைச் சொல்ல உரிமையும் கொடுத்திருந்தால், நம் பெரியவர் மூச்சுத் திணறியிருக்கமாட்டார். அந்தச் சிறு பெண்ணும் வேலை இழந்திருக்கமாட்டார்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா என்று சந்தேகிக்கிறவர்களுக்கு இன்னும் சில பிரத்தியட்சம் காட்டுகிறோம். அமெரிக்காவில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்னும் டாக்டர், பெரிய இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் செலுத்தும்போது செய்யவேண்டிய ஐந்து காரியங்களை ஒரு தாளில் எழுதினார். கை கழுவுதல்கூட அதில் ஒன்று. "இதில் ஒன்றை டாக்டர் விட்டுவிட்டால் நர்ஸ் தடுத்து நிறுத்தலாம்" என்று அதிகாரமும் கொடுக்கச் செய்தார். மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சை அறைகளில் இதைக் கைக்கொண்டார்கள். அந்தக் குழாய் வழியாய் இரத்தத்தில் கிருமி சேருவது நூற்றுக்கு 66 பங்கு வரையில் குறைந்ததென்று 2006இல் வெளியாயிற்று. டாக்டருக்குக் கை கழுவத் தெரியாதா? தெரியும். மறந்தபோது ஞாபகப்படுத்தும் உரிமை இன்னொருவருக்கு வந்தது; அதுதான் புதிது.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2008இல் இரண சிகிச்சைக்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு தாள் வெளியிட்டார்கள். மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையைவிட்டுப் போகுமுன் ஆக மூன்று தடவை எல்லோரும் வேலையை நிறுத்திக் கேட்டுச் சொல்லவேண்டும். இவர் யார், எந்த இடத்தில் என்ன சிகிச்சை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பஞ்சும் கருவிகளும் எண்ணிச் சரியாயிருக்கின்றனவா என்பன போன்றவை. அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஒரு தடவை வாய் திறந்துவிட்டவர் மறுபடி திறக்கக் கூச்சப்படமாட்டார் என்பதே அதன் சூட்சுமம். நம் டில்லி நகரம் உள்பட எட்டு நாடுகளின் எட்டு நகரங்களில் இதைச் சோதித்தார்கள். இறப்பு நூற்றுக்கு 1.5 ஆக இருந்தது 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் நூற்றுக்கு 11லிருந்து 7 ஆயின.

ஆனால் நாம் ஒரு பக்கத்தை மாத்திரம் சொல்லி உங்களை ஏமாற்றக்கூடாது. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் இதே தாள் கட்டாயமாக்கப்பட்டது. 2014இல் கணக்குப் பார்த்தபோது இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் காணப்படவில்லை. இதைக் கேட்டுத் தாளைக் கிழித்துப்போடவேண்டுமா? அதற்கு முன் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அமெரிக்கப் பழைய படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் தாளை மாத்திரம் அனுப்பாமல், டாக்டர் நர்ஸ் எல்லோரையும் ஒன்றாய் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற 74 இடங்களில் இரண சிகிச்சை இறப்பு நூற்றுக்கு 18 பங்கு குறைந்தது. பெறாத 34 இடங்களில் 7 பங்கு மாத்திரமே குறைந்ததென்று 2010இல் வெளியாயிற்று. இதிலிருந்து நமக்குப் படுவது இதுதான். தாள் காப்பாற்றாது, ஆள்தான் காப்பாற்றவேண்டும். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதுபோலப் படிக்காமலேயே கட்டத்தில் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தாளும் ஒரு சடங்குதான்! சடங்கு எந்த உடையில் வந்தாலும் சடங்குதான்.

ஆகவே பயிற்சி என்பது ஒருநாள் பிரசங்கம் கேட்டு, டீ குடித்து, சர்ட்டிபிகேட் வாங்கிப் போவதல்ல. நம் கூட்டத்தையும் சேர்த்தே சொல்லுகிறோம். பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகுகிறது என்று வைத்துக்கொண்டு, பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, யார் முன்னின்று நடத்துவது, யார் இரத்த அளவைக் கணக்கிடுவது, யார் மருந்து எடுப்பது, யார் இரத்த பாங்கிக்கு ஓடுவது என்று உண்மைபோலவே பழகவேண்டும். முடிந்தபின் பெரிய டாக்டரிலிருந்து ஆயா வரையில் வட்டமாய் உட்கார்ந்து, எது சரி, எது தவறு என்று பேசவேண்டும். பெரியவர் முதலில் தம் தவறைச் சொல்லவேண்டும். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் வாயிலிருந்து உண்மை வரும். நாடகக்காரர்கள் இராஜா வேஷத்துக்கே ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலைக்கு ஒத்திகை வேண்டாமா?

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களையும் பார்ப்போம். "எல்லோரும் பேச ஆரம்பித்தால் கட்டுப்பாடு என்ன ஆவது?" என்கிறார்கள். முடிவு செய்யும் அதிகாரத்தை யாரும் பிடுங்கவில்லை. ஹெய்ன்ஸ்தான் கடைசிவரையில் தலைவர். தெரிந்ததைச் சொல்லும் கடமை எல்லோருக்கும், முடிவு செய்யும் பொறுப்பு ஒருவருக்கு என்பதே முறை. "நோயாளியின் முன்னிலையில் நர்ஸ் என்னைக் கேள்வி கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது?" என்கிறார்கள் சில டாக்டர்கள். தன்னைக் கேள்வி கேட்க மற்றவனுக்கு இடங்கொடுக்கிறவனுக்குத்தான் உண்மையான மரியாதை. பயத்தால் வரும் மௌனத்தை மரியாதை என்று எண்ணுவது, உறையில் கத்தியிருப்பதை அறியாமல் அதைத் தலையணையாய் வைத்துப் படுப்பது போன்றது.

"இருநூறு நோயாளிக்கு நாலு நர்ஸ் இருக்கும் இடத்தில் இதற்கெல்லாம் நேரமேது?" என்பது மூன்றாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. ஆள் போதாத குறையைப் பயிற்சி என்னும் போர்வையால் மூடப் பார்த்தால் அதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆட்களைக் கூட்டவேண்டியது சர்க்கார் கடமையும் நிர்வாகத்தார் கடமையுமாகும். ஆனால் ஆள் குறைவாய் இருக்குமிடத்தில்தான் ஒருவர் மறதியை மற்றொருவர் பிடித்துக்கொள்ளவேண்டிய அவசியம் அதிகம். மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்ல ஐந்து விநாடி போதும்.

நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. தவறை ஒப்புக்கொண்டவனைத் துரத்தினால் தவறு குறையாது; ஒப்புக்கொள்ளுவதுதான் குறையும். குடித்துவிட்டு வந்தவனையும், தெரிந்தே கெடுதல் செய்தவனையும் தண்டியுங்கள். களைத்துப்போய், முறை கெட்ட இடத்தில் தடுக்கி விழுந்தவனைத் தண்டிப்பதால் பள்ளம் மூடாது. அடுத்தவனும் அங்கேயே விழுவான்.

கடைசியாக நம்மைப் போன்ற ஊராருக்கு. நாமும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள்தான். டாக்டரைத் தெய்வமென்று கும்பிட்டு வாய்பொத்தி நிற்பதும், ஆள் இறந்துபோனால் அதே டாக்டரை அடிக்கப் போவதும் ஒரே மடமையில் விளைந்த இரண்டு பயிர்கள். அடிக்குப் பயந்தவன் உண்மையை மறைப்பான். மறைத்த உண்மை அடுத்த நோயாளியைக் கொல்லும். ஆகையால் அடிக்கப்போக வேண்டாம், கேட்கப் பழகுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு தடவையும் தெளிவாய்ச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஊசியோடு வருகிறவரை, "இது என்ன மருந்துங்க, எதுக்குங்க?" என்று மரியாதையாய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அது அவருக்கு உதவியும்கூட.

2019 முதல் வருஷந்தோறும் செப்டம்பர் 17ஆம் தேதியை நோயாளிகளின் பாதுகாப்பு நாளாக உலக சுகாதார ஸ்தாபனத்தார் கொண்டாடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் அந்த நாளை மாலை மரியாதையோடு முடித்துவிடாமல், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து, சென்ற வருஷத்தில் தவறிய ஒரு காரியத்தை யார் பெயரும் சொல்லாமல் எடுத்துப் பேசினால், அதுவே பெரிய காரியமாகும். அந்தக் கூட்டத்தில் முதல் கேள்வியை ஆயா கேட்கட்டும்.

நம் வீட்டுப் பெரியவர் இன்றைக்கும் உயிரோடிருக்கிறார். அந்தச் சிறு பெண்ணைப்பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், அவளிடம் ஒருத்தரும் சொல்லலையே" என்பார். சாகக் கிடந்தவருக்கே காரணம் விளங்கியிருக்கிறது. மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதே நம் ஆசை.